வானம் பார்க்கும் வீடுகள்

(மூன்றாம் ஆண்டு, சிவில்)



நம் கோயமுத்தூருக்குப் 'பஞ்சாலை நகரம்' என்றும் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்றும் பெயர் உண்டு என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். அப்போதெல்லாம் ஊரில் உயரமானது எது என்று கேட்டால் 'மில் புகைபோக்கி' என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அதற்கு மேலே மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். இன்று அவிநாசி ரோடு, சரவணம்பட்டி, சிங்காநல்லூர், வடவள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் பத்து மாடி, பதினைந்து மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. டவர் கிரேன்கள் கொக்கு போல ஒற்றைக் காலில் நின்று சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இதைப் பார்த்து 'ஊர் முன்னேறிப் போச்சு' என்பவர்கள் உண்டு. 'ஊர் கெட்டுப் போச்சு' என்பவர்களும் உண்டு. டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் வேலைக்குப் போகப் போவது இப்படிப்பட்ட சைட்டுகளுக்குத்தான். ஆகவே, இவை எப்படி எழும்புகின்றன, பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்ன செய்கின்றன, எதில் கவனம் வேண்டும் என்பதை நமக்குத் தெரிந்த கணக்குகளை வைத்தே பார்க்கலாம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் 'இது சிவில் சமாச்சாரம்' என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். லிஃப்டும் பம்பும் ஜெனரேட்டரும் இல்லாமல் இந்தக் கட்டடங்களில் ஒரு நாள்கூடக் குடியிருக்க முடியாது!

எது உயர் கட்டடம்?

நாலு மாடியைத் தாண்டினாலே பேச்சு வழக்கில் 'பெரிய பில்டிங்' என்கிறோம். சட்டத்தில் இதற்குத் தெளிவான அளவு இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது உயர் கட்டடம். இந்தக் கோட்டைத் தாண்டியதும் தீயணைப்பு, மாடிப்படி, சாலை அகலம், சுற்றிலும் விட வேண்டிய இடம் எல்லாமே மாறிவிடும். 30 மீட்டர் உயரம் வரை நாலு பக்கமும் குறைந்தது 7 மீட்டர் காலியாக விட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டர் உயரத்துக்கும் இன்னும் ஒரு மீட்டர் தள்ள வேண்டும்.

அடுத்தது எஃப்.எஸ்.ஐ., அதாவது தளப்பரப்புக் குறியீடு. எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனையின் பரப்பால் வகுத்தால் வருவது இது. சாதாரணக் கட்டடத்துக்கு இது 2. போதுமான அகலச் சாலையில் எழும் உயர் கட்டடத்துக்கு 3.25 வரை போகலாம். கட்டணம் கட்டினால் அதற்கு மேலும் கொஞ்சம் கிடைக்கும்.

ஒரு ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். 43,560 சதுர அடி. குறியீடு 2 என்றால் 87,120 சதுர அடி கட்டலாம். 3.25 என்றால் 1,41,570 சதுர அடி. வித்தியாசம் 54,450 சதுர அடி. ஒரு பிளாட் 1,200 சதுர அடி என்று வைத்தால் 45 பிளாட்டுகள் அதிகம். நிலத்தின் விலை ஒன்றுதான், விற்கும் வீடுகளின் எண்ணிக்கை கூடுகிறது. பில்டர் ஏன் மேலே மேலே போகிறார் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

உயரத்துக்கு வேறு தடைகளும் உண்டு. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதி இருக்கிறது. கோபுரத்தை மறைக்கக் கூடாது என்பதற்காக. நம் ஊரில் தடை போடுவது விமானம்! பீளமேடு விமான நிலையம் 1940 முதல் இருக்கிறது. சூலூரில் விமானப் படைத் தளமும் இருக்கிறது. ஓடுபாதையின் நேர்கோட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு வரைபடம் உண்டு. தடையில்லாச் சான்று வாங்காமல் அங்கே உயரக் கட்ட முடியாது.

ஏன் நம் ஊரில் இத்தனை?

1888-இல் ஸ்டேன்ஸ் ஆலையோடு தொடங்கியது கோவையின் மில் கதை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் வேகமாகப் பெருகின. அந்தக் காலத்தில் மில்கள் ஊருக்கு வெளியே, மெயின் ரோட்டை ஒட்டி ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கிப் போட்டிருந்தன. ஊர் வளர்ந்து அந்த இடங்களைச் சுற்றிக்கொண்டது. பல மில்கள் நலிந்து மூடப்பட்டபோது, நகரத்தின் நடுவே பெரிய பெரிய காலி மனைகள் கிடைத்தன. உயர் கட்டடத்துக்கு வேண்டியது அகலமான ரோடும் பெரிய மனையும். இரண்டும் ஒரே இடத்தில் தயாராக இருந்தன.

இன்னொரு பக்கம் ஐ.டி. கம்பெனிகள். 2010-இல் விளாங்குறிச்சியில் டைடல் பார்க் வந்தது. சரவணம்பட்டிப் பக்கமும் அலுவலகங்கள் பெருகின. வெளியூரிலிருந்து வந்த இளம் குடும்பங்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்காக வாங்குவது, ஓய்வு பெற்றவர்கள் 'நல்ல க்ளைமேட், சிறுவாணித் தண்ணி' என்று வந்து குடியேறுவது என எல்லாம் சேர்ந்துகொண்டன. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு வாட்ச்மேன், லிஃப்ட், பிள்ளைகள் விளையாட இடம் என்று எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் கிடைப்பது பெரிய வசதிதான். சும்மா சொல்லக் கூடாது, என் மாமாவே பிளாட்தான் வாங்கியிருக்கிறார். 'தனி வீடு கட்ற வயசு போச்சுடா' என்கிறார்.

மண் தாங்குமா?

முதல் கேள்வி இதுதான். ஒரு தூண் சுமக்கும் தளப்பரப்பு 25 சதுர மீட்டர் என்று வைப்போம். சுவர், தரை, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து ஒரு தளத்துக்குச் சதுர மீட்டருக்குத் தோராயமாக 1.2 டன். 14 தளம் என்றால், 25 × 1.2 × 14 = 420 டன். ஒரே ஒரு தூணின் அடியில் 420 டன்! லோடு ஏற்றிய நாற்பது லாரிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது போல.

மென்பாறை சதுர மீட்டருக்கு 45 டன் தாங்கும் என்று எடுத்தால், 420-ஐ 45-ஆல் வகுக்க 9.3 சதுர மீட்டர். மூன்று மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான சதுர ஃபுட்டிங் போதும். அதே தூண் சதுர மீட்டருக்கு 15 டன் மட்டுமே தாங்கும் மண்ணில் நின்றால்? 28 சதுர மீட்டர் வேண்டும். ஆனால் அந்தத் தூணுக்கு உரிய இடமே 25 சதுர மீட்டர்தான்! பக்கத்துத் தூணின் ஃபுட்டிங் மேல் ஏறிவிடும். மனை முழுக்க ராஃப்ட் போட்டாலும் கணக்கு இடிக்கும். ஆகவே, பைல் இறக்க வேண்டும், அல்லது பாறை வரை தோண்ட வேண்டும்.

நம் ஊர் மண் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் செம்மண், சில இடங்களில் கரிசல். நனைந்தால் ஊதி, காய்ந்தால் வெடிக்கும் கரிசலில் சாதாரண வீட்டுக்கே விரிசல் விழுகிறது. நல்லவேளையாகப் பல இடங்களில் பாறை ஆழத்தில் இல்லை. 'பக்கத்து மனையில் பாறை வந்துச்சு, இங்கேயும் வரும்' என்று மேஸ்திரி சொன்னால் நம்பிவிடக் கூடாது. போர் போட்டு மண் பரிசோதனை செய்த அறிக்கையைப் பார்க்க வேண்டும்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு மழை நேரத்தில் அப்படியே சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்த கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. குடிவரும் முன்பே விழுந்ததால் உள்ளே இருந்தவர்கள் சித்தாளும் கொத்தனாரும்தான். அந்த இடத்தில் சூப்பர்வைசராக நாமும் நின்றிருக்கலாம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

காற்றும் நிலநடுக்கமும்

தனி வீட்டுக்கு எடை மட்டும்தான் பிரச்சினை. உயரமான கட்டடத்துக்குப் பக்கவாட்டு விசைதான் பெரிய பிரச்சினை. உயர் கட்டடம் என்பது தரையில் நட்டு வைத்த கேண்டிலீவர். செகண்ட் இயரில் படித்ததை ஞாபகப்படுத்துங்கள். சீரான சுமை உள்ள கேண்டிலீவரில் அடிப்பக்க வளைவுத் திருப்புமை, நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். நுனியின் விலகல் நீளத்தின் நான்கு மடிக்கு ஏற்பக் கூடும். ஆகவே, ஏழு மாடியைப் பதினாலாக்கினால் எடை இரண்டு மடங்கு, திருப்புமை நாலு மடங்கு, ஆட்டம் 16 மடங்கு! இதனால்தான் லிஃப்ட் கிணற்றைச் சுற்றியும் ஓரங்களிலும் ஷியர் வால் என்னும் முழுக் கான்கிரீட் சுவர்களை வைக்கிறார்கள்.

கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர் என்கிறது ஐ.எஸ். 875. மணிக்கு 140 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 913 நியூட்டன், அதாவது 93 கிலோ. உயரம், சுற்றுப்புறம் இவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காத்து பற்றி நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐந்தாவது மாடிக்கு மேலே சாரத்தில் நிற்பவரைக் கேட்டால் தெரியும்.

'கோவையில் எங்கே நிலநடுக்கம் வருது?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதி: 1900 பிப்ரவரி 8. அன்று கோவைப் பகுதியில் ஏறத்தாழ 6 ரிக்டர் அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அப்போது ஊரில் மாடி வீடுகளே குறைவு. ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு வரைபடத்தில் கோவை மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. தூணில் ரிங் கம்பியின் கொக்கியை 135 டிகிரி வளைத்து உள்ளே தள்ள வேண்டும் என்று ஐ.எஸ். 13920 சொல்வது இதற்காகத்தான். 90 டிகிரியில் விட்டால், குலுங்கும்போது மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்துவிடும். உள்ளே நிற்கும் கம்பிகள் பிதுங்கிவிடும். கம்பி கட்டுபவருக்கு 135 வளைப்பது கை வலிக்கும் வேலை. யாரும் பார்க்காவிட்டால் 90-இல் விட்டுவிடுவார். பார்க்க வேண்டியவர் யார்? நாம்தான்.

எங்கள் லைன் வீடுகளும் பக்கத்துப் பள்ளமும்

எங்கள் வீடு சிங்காநல்லூர்ப் பக்கம், மூடப்பட்ட ஒரு மில்லின் பின்னால் உள்ள லைன் வீடுகளில் ஒன்று. அப்பாரு அந்த மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தவர். மூன்று வருடங்களுக்கு முன்பு மில் நிலத்தில் ஒரு பகுதி கைமாறி, இரண்டு நிலத்தடித் தளங்களோடு 14 மாடிக் குடியிருப்பு வேலை தொடங்கியது. கட்டடம் மேலே 7 மீட்டர் தள்ளி நின்றாலும், நிலத்தடித் தளத்துக்கான பள்ளம் எங்கள் வேலிக்குப் பக்கத்திலேயே வந்தது. 7 மீட்டர் ஆழம்.

லைன் வீடுகளுக்கு அஸ்திவாரம் இரண்டடி, மூன்றடி ஆழம்தான். மண் கலவையில் அடுக்கிய கருங்கல். பள்ளத்தில் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். இரண்டு மாதத்தில் எங்கள் பொதுக் கிணறு வற்றியது. பிறகு கடைசி மூன்று வீடுகளில் சுவர் விரிசல் விட்டது. பக்கத்து வீட்டு அம்மாயி, 'ஏங்கண்ணு, நீ சிவில் தானே படிக்கற? இது வீடு விழுகற விரிசலா, சும்மா பூச்சு விரிசலா, பாத்துச் சொல்லு சாமி' என்று கேட்டார்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். உங்களுக்கும் பயன்படும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினேன். விரிசல் பழையது, அசையாதது என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். சுவர் இன்னும் நகர்கிறது என்றால் கண்ணாடி உடைந்துவிடும். மூன்று வீடுகளிலும் ஆறு இடங்களில் ஒட்டினோம். பதினோராம் நாள் பள்ளத்துப் பக்கம் இருந்த இரண்டு உடைந்தன. மற்ற நாலும் உடையவில்லை. விரிசல் சாய்வாக, ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல இறங்கியது. அது பூச்சு விரிசல் இல்லை, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிற விரிசல்.

காரணம் இரண்டு. பள்ளம் தோண்டியதும் மண்ணுக்குப் பக்கவாட்டு ஆதரவு போய்விடுகிறது. தண்ணீரை இறைத்ததும், இதுவரை தண்ணீர் தாங்கிய பாரத்தையும் மண்துகள்களே தாங்க வேண்டி வந்து மண் அமுங்குகிறது. முறையாகச் செய்தால், தோண்டும் முன்பே ஓரத்தில் நெருக்கமாக பைல் இறக்கியோ, ஷீட் பைல் அடித்தோ, ஸ்ட்ரட் கொடுத்தோ மண்ணை நிறுத்த வேண்டும். பக்கத்து வீடுகளைத் தோண்டும் முன்பே போட்டோ எடுத்துப் பதிவு செய்து வைக்க வேண்டும். இங்கே பாதி தூரத்துக்கு மட்டுமே பைல் இருந்தது.

தேதி போட்ட போட்டோக்களோடு எங்கள் தெருப் பெரியவர்கள் நாலு பேர் சைட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். வாக்குவாதம் ஒன்றும் பெரிதாக இல்லை. அங்கிருந்த சைட் இன்ஜினியர் உடைந்த கண்ணாடியைப் பார்த்ததும் அன்றைக்கே தோண்டுவதை நிறுத்தச் சொன்னார். அவரும் டிப்ளமோ படித்து வந்தவர்தான். ஒரு வாரத்தில் எங்கள் பக்கம் ஸ்ட்ரட் வந்தது. பிறகு ஒட்டிய கண்ணாடிகள் உடையவில்லை. சுவரைக் கம்பெனி செலவில் சரி செய்து கொடுத்தார்கள். கிணற்றில் தண்ணீர் ஊற அடுத்த மழைக்காலம் வரை காத்திருந்தோம். கடைசி வீட்டுக் குடும்பம் பயந்து ஒண்டிப்புதூர்ப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டது. இன்னும் திரும்பி வரவில்லை.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த சைட் வந்த பிறகு என் அம்மாவின் இட்லிக் கடையில் வியாபாரம் இரண்டு மடங்காயிற்று. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள் சாம்பாருக்குப் பழகிவிட்டார்கள்! தெருவில் இரண்டு பேருக்கு செக்யூரிட்டி வேலை கிடைத்தது. நாலைந்து பெண்கள் பிளாட்டுகளில் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அதே சமயம் தெருவில் வாடகை ஏறிவிட்டது. சொந்த வீடு உள்ளவர்க்கு லாபம், வாடகைக்கு இருப்பவர்க்குக் கஷ்டம்.

தண்ணீர்க் கணக்கு

120 பிளாட், பிளாட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். மொத்தம் 64,800 லிட்டர். குழாய் இணைப்பு போதாவிட்டால் 12,000 லிட்டர் டேங்கர் லாரி தினமும் ஐந்தரை நடை வர வேண்டும்! நம் ஊர்த் தரையில் கடினப் பாறை. நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில்தான் இருக்கிறது. ஆயிரம் அடி தாண்டி போர் போட்டும் காற்று மட்டும் வருவதுண்டு.

'மழைநீர் சேகரிப்பு இருக்கே' என்பார்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். ஆனால் கணக்கைப் பாருங்கள். கோவையின் ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர். 1,000 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஒரு வருடம் முழுக்க விழும் மழை 6.5 லட்சம் லிட்டர். இந்தக் குடியிருப்புக்கு அது பத்து நாள் தண்ணீர்! எங்கள் லைன் வீட்டுக் கூரை 46 சதுர மீட்டர். அதில் விழுவது ஏறத்தாழ 30,000 லிட்டர். நாலு பேர் குடும்பத்துக்கு 55 நாள் வரும். கூரை ஒன்று, அதன் கீழே 14 தளம் என்றால் ஆளுக்குக் கிடைக்கும் மழை சுருங்கிவிடும்.

ஆகவே, உயர் கட்டடத்துக்கு உண்மையான வழி, பயன்படுத்திய தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவது. ஆளுக்கு 135 லிட்டரில் 45 லிட்டர் கழிவறைக்கே போகிறது. மூன்றில் ஒரு பங்கு. அதற்குத் தனிக் குழாய் போட்டு, சுத்திகரித்த நீரைக் கொடுத்தால் தினமும் 21,600 லிட்டர் மிச்சம். கிட்டத்தட்ட இரண்டு லாரி. வாங்குகிறவர்கள் நீச்சல் குளத்தையும் ஜிம்மையும் கேட்கிறார்கள். 'சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா, யார் ஓட்டுகிறார்?' என்று கேட்பவர் குறைவு. கெமிக்கல், மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதில் நல்ல வேலைவாய்ப்பு இருக்கிறது.

நிழலும் நெருப்பும்

45 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் எங்கே விழும்? கோவை ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் 55.5 டிகிரி உயரத்தில் நிற்கும். நிழல் வடக்கே 31 மீட்டர். ஜூனில் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும், நிழல் தெற்கே பத்தே மீட்டர். காலை, மாலையில் சூரியன் 30 டிகிரிக்கு இறங்கும்போது நிழல் 78 மீட்டர் நீளும். கிழக்கே இருக்கும் எங்கள் தெருவுக்குச் சாயங்கால வெயில் சீக்கிரம் போய்விடுகிறது. துணி காய்வதில்லை என்று ஒரு வீட்டில் குறை. சித்திரையில் சுவர் சூடாவதில்லை என்று இன்னொரு வீட்டில் சந்தோஷம்!

நெருப்பு விஷயத்தில் இரண்டு கருத்து கிடையாது. பன்னிரண்டாம் மாடியில் தீ பிடித்தால், வெளியிலிருந்து ஏணி வந்து காப்பாற்றும் என்று இருக்கக் கூடாது. கட்டடமே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இரண்டு மாடிப்படிகள், தீத்தடுப்புக் கதவு, எப்போதும் தண்ணீர் நிற்கும் ரைசர் குழாய், தனி பம்ப், 24 மீட்டருக்கு மேல் புகலிடத் தளப்பரப்பு எல்லாம். குடிவந்த பிறகு நடப்பது என்ன? மாடிப்படியில் பழைய சோபாவும் சைக்கிளும் செருப்பு ஸ்டாண்டும். தீக்கதவுக்குக் கல் முட்டுக்கொடுத்துத் திறந்து வைப்பது. புகை ஏறுவதற்கு இதைவிட நல்ல புகைபோக்கி வேறு வேண்டியதில்லை. தீ விபத்தின்போது லிஃப்டில் ஏறக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

சைட்டில் நம் வேலை

டிசைன் செய்பவர் வேறு ஊரில் உட்கார்ந்திருப்பார். கான்கிரீட் போடும்போது பக்கத்தில் நிற்பவர் டிப்ளமோ படித்த சூப்பர்வைசர். அலுமினிய ஃபார்ம்வொர்க் வந்த பிறகு ஏழெட்டு நாளில் ஒரு தளம் ஏறுகிறது. வேகம் கூடக் கூடக் கவனமும் கூட வேண்டும். நான் டிரெயினிங்கில் நோட்டில் எழுதி வைத்திருப்பவை இவை:

1. கவர் பிளாக்: ஸ்லாபுக்கு 20, தூணுக்கு 40, ஃபுட்டிங்குக்கு 50 மில்லிமீட்டர். கம்பி ஷட்டரிங்கைத் தொட்டால் பத்து வருடத்தில் துரு வெளியே தெரியும்.

2. ரிங் கம்பிக் கொக்கி 135 டிகிரி. மூடும் முன்பு போட்டோ எடுத்து வையுங்கள்.

3. கியூப்: 5 கன மீட்டர் வரை ஒரு மாதிரி, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று, 50 வரை நாலு. ஒரு மாதிரி என்பது மூன்று கியூப். 'லாரியில வந்த ரெடிமிக்ஸ் தானே' என்று விடக் கூடாது. ரோட்டில் தாமதமான லாரியில் தண்ணீர் ஊற்றினால் வலிமை போயிற்று.

4. நீராற்றல்: சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்கு 10 நாள். ஷியர் சுவரில் தண்ணீர் நிற்காது. சாக்கு கட்டியோ, கியூரிங் காம்பவுண்ட் அடித்தோ ஈரம் காக்க வேண்டும்.

5. பள்ளம் தோண்டும் முன்பு பக்கத்து வீடுகளைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். அங்கே குடியிருப்பவர்களிடம் மரியாதையாகப் பேசி, ஒரு போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள்.

6. சேஃப்டி பெல்ட், ஓர வலை, லிஃப்ட் கிணற்று வாயில் தடுப்பு. இவை இல்லாத இடத்தில் யாரையும் ஏற்றாதீர்கள், நீங்களும் ஏறாதீர்கள்.

கட்டடம் முடிந்ததும் நிறைவுச் சான்று வாங்கினால்தான் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும். வரைபடத்தில் ஒன்று, கட்டியது ஒன்று என்றால் மாட்டிக்கொள்வது வாங்கிய குடும்பம்தான். கேரளத்தில் கொச்சி அருகே மரடுவில், கடற்கரை ஒழுங்குமுறை விதியை மீறிய நாலு அடுக்குமாடிக் குடியிருப்புகளை உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சேமிப்பைப் போட்டு வாங்கியவர்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது பிளாட் வாங்குவதாக இருந்தால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு எண், கார்ப்பெட் ஏரியா, பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு என்ற மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள். படித்த பிள்ளை என்று நம்மைத்தானே கூட்டிப் போவார்கள்!

நண்பர்களே! உயரமான வீடுகள் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பெருகும் ஜனத்துக்கு வீடு வேண்டும். எல்லோரும் தனி வீடு கட்டினால் மிச்சமிருக்கும் தென்னந்தோப்பும் குளத்தங்கரையும் மனையாகிவிடும். கட்டுவது என்று வந்துவிட்டால் மண்ணையும் தண்ணீரையும் பக்கத்து வீட்டுச் சுவரையும் கணக்கில் சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்கு வேண்டிய பாடம் எல்லாமே நம் சிலபஸில் இருக்கிறது. செமஸ்டர் முடிந்ததும் புத்தகத்தைப் பாதி விலைக்கு விற்றுவிடாதீர்கள். சைட்டுக்குப் போகும்போது பையில் ஒரு மெஷரிங் டேப், ஒரு நோட்டு, தேதி போட ஒரு பேனா வைத்துக்கொள்ளுங்கள். தப்பு நடந்தால் 'நிறுத்துங்க' என்று சொல்லும் தைரியத்தையும் இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போவோம்.